சினத்தின் நாள்



சென்ற திங்கள் தூத்துக்குடியில் என் பாட்டி மறைந்தார். கடல் உயிரியல் பயிலும் நான் அந்தமானில், ஹேவ்லாக் தீவில் இருந்தேன்; அடக்கத்துக்குப் போய்ச் சேர இயலவில்லை. சிறுமியாய்க் கோயிலில் கேட்டு, பொருள் விளங்காமலே நடுங்கிய இலத்தீன் பாட்டொன்றைப் பற்றி அவர் சொல்வதுண்டு. அதுவே 'தியேஸ் ஈரே'. 'சினத்தின் நாள்' என்பது பொருள்.

இது 13-ஆம் நூற்றாண்டுப் பாட்டு. செலானோ ஊர்த் தாமஸ் என்னும் துறவி இயற்றினார் என்பர். மும்மூன்று அடிகள் இயைபு பெற்று நடக்கும். நம் ஆசிரியத் தாழிசையும் மூன்றடியால் ஆவதன்றோ? உலகம் சாம்பலாகும் நாளைக் கூறத் தொடங்கும் புலவர், பின்னர்த் தம் எளிமையை நினைந்து இரக்கம் வேண்டுகிறார்.

இதன் பழைய மெட்டை பெர்லியோஸ் 1830-இல் தம் சிம்பொனியில் மணியோசையோடு ஒலிக்கச் செய்தார். மொட்ஸார்ட் (1791), வெர்டி (1874) ஆகியோர் புதிதாக இசையமைத்தனர். வெர்டியின் இசையில் பெருமுரசு இடியென அதிரும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின், உயிர்ப்பின் நம்பிக்கையே முன்னிற்க வேண்டுமெனக் கருதி, 1970-ஆம் ஆண்டுத் திருப்பலி நூலில் இப்பாட்டை இறந்தோர் வழிபாட்டிலிருந்து நீக்கினர். பாட்டியின் அடக்கத்திலும் தமிழ்ப் பாட்டே ஒலித்தது, தொலைபேசியில் கேட்டேன். அது நன்றே. ஆயினும் அன்றிரவு மொட்ஸார்ட்டின் இசையை முழுதும் கேட்டேன். அச்சத்தில் தொடங்கும் பாட்டு, இறந்தவர்க்கு இளைப்பாற்றி வேண்டியே முடிகிறது. சிறுமியாய் நடுங்கிய பாட்டிக்கு இம்முடிவை நான் சொல்லியிருக்கலாம்.