படத்தில் இடம்பெறாதவர்கள்

நுழையுமுன்

விளம்பரம் ஒரு பொருளின் சிறப்பைச் சொற்களால் கூறுகிறது. அப்பொருள் யாருக்கு உரியது என்பதைப் படத்தால் சொல்லாமல் சொல்கிறது. மகளிர் விளையாட்டு உடை விளம்பரங்கள் அவ்வாறு சொல்வது என்ன என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

கடையின் முகப்பில்

விளையாட்டு உடைக் கடையொன்றின் முகப்பில் பெரிய படம் ஒன்று தொங்குகிறது. அதில் இருபது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி ஓடுகிறாள். மெலிந்த உடல், கலையாத கூந்தல், வியர்வை அரும்பாத முகம். அப்படத்தைக் கடந்து ஐம்பது வயதுத் தாய் ஒருவர் மகளுடன் உள்ளே நுழைகிறார். நாள்தோறும் நடக்குமாறு மருத்துவர் அறிவுறுத்தியதால் காலணி வாங்க வந்தவர் அவர். சுவரெங்கும் படங்கள். அவர் வயதினர் ஒருவரும் அவற்றில் இல்லை. அவரது உடல்வாகு உடையவரும் இல்லை. "இதெல்லாம் சின்னப் பெண்களுக்கு அம்மா, வா போகலாம்" என்று மகளிடம் மெல்லக் கூறிவிட்டு அவர் திரும்புகிறார். கடையில் எவரும் அவரைத் தடுக்கவில்லை. ஆயினும், அவர் வெறுங்கையுடன் வெளியேறுகிறார்.

இக்காட்சி கற்பனையே. எனினும், இதில் உள்ள தயக்கம் உண்மையானது.

தயக்கத்தின் வேர்

இங்கிலாந்தில் விளையாட்டை வளர்க்கும் பொது அமைப்பான 'ஸ்போர்ட் இங்கிலாந்து' இத்தயக்கத்தை ஆராய்ந்தது. பிறர் தம்மைப் பார்த்து என்ன நினைப்பார்களோ என்ற அச்சமே பெண்கள் பலரை விளையாட்டிலிருந்து விலக்குகிறது என்று அவ்வமைப்பு கண்டது. தோற்றம், திறமை, குடும்பத்தைக் கவனிக்காமல் விளையாடப் போகிறாளே என்னும் பேச்சு ஆகிய மூன்றும் அவ்வச்சத்தில் அடங்கியிருந்தன.

ஆகவே, 2015-ஆம் ஆண்டு சனவரியில் 'திஸ் கேர்ள் கேன்' என்னும் விளம்பர இயக்கத்தை அவ்வமைப்பு தொடங்கியது. 'இப்பெண்ணால் முடியும்' என்பது அதன் பொருள். அதில் தொழில்முறை அழகியர் நடிக்கவில்லை. பருத்தவர், மெலிந்தவர், மூச்சு வாங்குபவர், முகம் சிவந்தவர் எனப் பல்வேறு பெண்கள் நீந்தினர்; ஓடினர்; மிதிவண்டி மிதித்தனர். குலுங்கும் சதையையும் வழியும் வியர்வையையும் படக்கருவி மறைக்கவில்லை. 2017-இல் இவ்வியக்கம் அறுபது வயது வரையுள்ள பெண்களையும் நோக்கி விரிந்தது.

முதுமையும் ஓடும்

'ஸ்போர்ட் இங்கிலாந்து' உடை விற்கும் நிறுவனமன்று. உடை விற்பவர்களும் காலப்போக்கில் பார்வையை விரித்தனர். 2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக் காலத்தில் நைக்கி நிறுவனம் வெளியிட்ட விளம்பரப்படம் ஒன்றில் தலைமைப் பாத்திரம் 86 வயதுடைய மடோனா பூடர். அமெரிக்கக் கன்னித்துறவியான இவர், நாற்பத்தெட்டாம் வயதில் ஓடத் தொடங்கியவர். 'அயர்ன்மேன்' போட்டியில் ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டி, பின்பு 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டும். 2012-இல், தம் 82-ஆம் வயதில், இப்போட்டியை அவர் முழுமையாக முடித்தார். விளம்பரப்படத்தில் பின்னணிக் குரல் அவரது வயதை எண்ணிக் கவலைப்படுகிறது. அவரோ தம் வேலையைத் தொடர்கிறார். சுருக்கம் விழுந்த முகம் அப்படத்திற்குக் குறையாக அமையவில்லை. அதுவே அதன் வலிமையாயிற்று.

2019-ஆம் ஆண்டு சூன் மாதம், இலண்டனிலுள்ள தன் பெருங்கடையில் பருத்த உடலுடைய பொம்மையை நைக்கி நிறுத்தியது. அத்தகைய உடலால் ஓட முடியாது என்று நாளிதழ்க் கட்டுரையாளர் ஒருவர் கண்டித்து எழுதினார். அவ்வுடல்வாகு உடைய பெண்கள் பலர், தாங்கள் ஓடி முடித்த நெடுந்தொலைவு ஓட்டங்களைக் கூறி அவருக்கு விடையளித்தனர். உடல்நலத்திற்காக ஓடு என்று சொல்லிவிட்டு, ஓடுவதற்கான உடையைக் காட்டாதே என்று சொல்வது முரண் அன்றோ?

இந்தியாவில்

இந்தியப் பெண்களை மனத்திற்கொண்டு 2016-இல் வெளிவந்த 'டா டா டிங்' என்னும் நைக்கி விளம்பரத்தில் நடிகை தீபிகா படுகோனுடன் வளைகோல்பந்து வீராங்கனை இராணி இராம்பால், சென்னையைச் சேர்ந்த சுவர்ப்பந்து வீராங்கனை ஜோஷ்னா சின்னப்பா முதலியோர் தோன்றினர். வெறும் அழகுக் காட்சியாக இன்றி, உழைக்கும் உடலின் உறுதியை அப்படம் காட்டியது. எனினும், அதில் தோன்றியோர் பெரும்பாலும் இளம்வயதினரே.

முதியவர்கள் விளம்பரத்தில் இல்லாமையால் அவர்கள் களத்தில் இல்லை என்று கருதலாகாது. சண்டிகரைச் சேர்ந்த மான் கௌர் தொண்ணூற்று மூன்றாம் வயதில்தான் தடகளப் பயிற்சியைத் தொடங்கினார். 2017-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் நடந்த உலக மூத்தோர் விளையாட்டுப் போட்டியில், 101-ஆம் வயதில் 100 மீட்டர் தொலைவை 74 நொடிகளில் ஓடிப் பொற்பதக்கம் பெற்றார்.

நேர்மையான படம்

"விளம்பரம் இலட்சியத்தையே காட்ட வேண்டும், ஆகவே அழகிய உடலைக் காட்டுகிறோம்" என்பர் சிலர். விளையாட்டின் இலட்சியம் முயற்சியே அன்றி இடையின் அளவன்று. மேலும், கணினியால் செதுக்கிய உடல் எவரிடமும் இல்லை. அதனால்தான், உருவப்படத்தில் உடலைப் பருக்கவோ மெலியவோ வைத்துத் திருத்தியிருந்தால் அதனை விளம்பரத்திலேயே குறிப்பிட வேண்டும் என்று பிரான்சு நாடு 2017 அக்டோபர் முதல் கட்டாயமாக்கியது.

நேர்மையான படமும் விற்பனைக்காகவே எடுக்கப்படுகிறது என்பதை மறத்தலாகாது. பருத்த பெண்ணைப் படத்தில் காட்டிவிட்டு, அவருக்குரிய அளவில் உடை தைக்காத கடையால் அவருக்குப் பயனில்லை. படமும் அலமாரியும் ஒன்றையே கூறும்போதுதான், கடைவாயிலில் தயங்கி நின்ற தாய் உள்ளே வருவார். தம் காலுக்கேற்ற காலணியுடன் வெளியே செல்வார்.

சொற்பொருள்

முகப்பு – முன்பக்கம்
உடல்வாகு – உடலமைப்பு
அரும்புதல் – சிறிதாகத் தோன்றுதல்
களம் – விளையாடும் இடம்
முரண் – ஒன்றுக்கொன்று மாறுபாடு

சிந்தித்து எழுதுக

1. கடைக்கு வந்த தாய் காலணி வாங்காமல் திரும்பியது ஏன்?
2. பெண்கள் பலரை விளையாட்டிலிருந்து விலக்கும் அச்சத்தில் அடங்கிய மூன்று செய்திகள் யாவை?
3. 'படமும் அலமாரியும் ஒன்றையே கூறும்போது' – இத்தொடரின் கருத்தை விளக்குக.

மொழிப்பயிற்சி

'மெலிந்த உடல்', 'குலுங்கும் சதை' – இவை பெயரெச்சத் தொடர்கள். பாடத்திலிருந்து மேலும் மூன்று பெயரெச்சத் தொடர்களைக் கண்டறிந்து எழுதுக.

செயல்பாடு

அம்மா, பாட்டி, அத்தை ஆகியோருள் ஒருவரிடம், இளமையில் அவர் விளையாடிய விளையாட்டுகளையும் அவற்றை நிறுத்திய காரணத்தையும் கேட்டுத் தமிழில் பத்து வரிகள் எழுதுக. பின்னர், அவரையே தலைமைப் பாத்திரமாகக் கொண்டு ஒரு விளம்பரம் வரைக. அவரது நரையையும் கண்ணாடியையும் மறவாமல் வரைக.