எட்டா, ‘பி’யா?

அன்புள்ள தம்பி,

ஜி.பி. ரோட்டில் தனியாகக் கடை போட்ட முதல் மாதமே ஒருவர் கார் டேஷ்கேமின் மெமரி கார்டோடு வந்து, “இடிச்சிட்டு ஓடினவன் நம்பரே தெரியல, 4கேன்னு சொல்லித்தானே வித்தீங்க?” என்று சத்தம் போட்டதாக எழுதியிருந்தாய். விற்கும்போது அவரிடம் நீ என்ன சொன்னாய் என்பதை மட்டும் எழுதவில்லை.

ஒரு தோராயக் கணக்கு போடு. கேமரா பக்கவாட்டில் 120 டிகிரி பார்க்கிறது, 1,920 பிக்சல். டிகிரிக்குப் பதினாறு. கார் நம்பர் பிளேட்டின் அகலம் 500 மில்லிமீட்டர். பத்து மீட்டர் தள்ளி நின்றால் அது மூன்று டிகிரிகூட அடைக்காது. நாற்பத்தைந்து பிக்சல் சொச்சம், அதில் பத்து எழுத்து. ஒன்றுக்கு நாலரைப் புள்ளியில் 8 எது, ‘பி’ எது? 4கே என்றால் ஒன்பது புள்ளி. பகலில், முன்னால் போகிற வண்டி என்றால் படித்துவிடலாம். ‘ரோடு முழுக்கத் தெரியணும்’ என்று 170 டிகிரி கேட்பவரிடம் இதைச் சொல். அகலம் கூடக் கூட எழுத்து சிறுக்கும்.

இரவுக் கதை வேறு. வெளிச்சம் போதாமல் ஷட்டர் நொடியில் முப்பதில் ஒரு பங்குவரை திறந்து கிடக்கும். எதிரே வருபவர் அறுபது, நாம் அறுபது என்றால் அதற்குள் இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் குறைந்துவிடும். தூரத்தில் நேரே வரும்வரை இது உறுத்தாது. அப்போது எழுத்து பொடி. படிக்கிற அளவுக்குக் கிட்டே வந்து பக்கவாட்டில் விலகும்போதுதான் பிளேட் கோடாக இழுபடும். எந்தக் கம்பெனி கேமராவானாலும் இந்த வம்பு உண்டு.

போதாததற்கு, 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்குக் கட்டாயமான உயர் பாதுகாப்புத் தகடு, விழுந்த வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். இருட்டுக்குத் தோதாகத் திறந்திருக்கும் கேமராவுக்கு, நம் ஹெட்லைட் பட்ட பிளேட் வெறும் வெள்ளைப் பட்டை. எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து வை. டேஷ்போர்டு நிழலாடாமலிருக்க மாட்டும் போலரைசர் பகலுக்கு நல்லது, இரவில் இருக்கிற வெளிச்சத்தையும் தின்னும். வைப்பர் துடைக்கும் இடத்துக்குள்ளேயே கேமராவை ஒட்டு. (கண்ணாடியின் உள்பக்கத்தையும் துடைக்கச் சொல், பாதிப் புகார் அதோடு தீரும்.) மைக்கை அணைக்காதே. இடித்தவன் நம்பர் கண்ணில் பட்டதும் வாய்விட்டுப் படிக்கச் சொல். படம் கைவிட்டாலும் குரல் பதிவாகியிருக்கும்.

‘ஏஐ போட்டுத் தெளிவாக்கு’ என்று கெஞ்சுவார்கள். மங்கிய இடத்தில் அது தனக்குத் தோன்றியதை வரையும். நான் ஏஐ இல்லாமலேயே அந்தத் தப்பைச் செய்தவன். ஒரு வாடிக்கையாளர் அவசரப்படுத்த, கடைசி எண்ணை 8 என்றேன். அது 3. அவர் தேடிப் போய் நின்ற வீட்டுக்காரரின் வண்டி அன்று ஷெட்டைவிட்டு நகரவே இல்லை. அந்த மனிதர் கடைக்கே வந்து, சத்தம் போடாமல், “எப்படி சார் சொன்னீங்க?” என்று கேட்டார். தெரியாத எழுத்துக்குக் கோடு போட்டு எழுதிக்கொடு. அசல் கார்டில் கைவைக்காதே. லூப்பில் அழிவதற்குள் நகல் எடு. கோர்ட்டுக்குப் போனால் பாரதிய சாட்சிய அதிநியம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள்.

கம்பெனி தந்த பட்டப்பகல் வீடியோவைத்தானே கடை டிவியில் ஓட்டுகிறாய்? சனிக்கிழமை எட்டு மணிக்கு மேல் வருகிறேன். உன் வண்டியிலேயே மவுண்ட் ரோட்டில் ஒரு சுற்று போய், நாமே ஒன்று எடுத்துவருவோம்.

அன்புடன்,
அண்ணன்