எந்தக் கட்டையில் பாடினாலும்

அன்புத் தங்கைக்கு,

பழவேற்காடு ஏரிப் பக்கத்துப் பசியாவரத்தில் பாட்டுக்குக் கீபோர்டு வேண்டும் என்றால் இப்போது உன்னைத்தான் தேடுகிறார்கள் என்று கேட்டு மகிழ்ந்தேன். சி மேஜரிலும் ஏ மைனரிலும் உன் கை நன்றாகப் பழகியிருக்கிறது. வேறு ஸ்ருதி வந்தால், ஸ்ருதியைத் தானே மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திக்கொள்கிறாய். அந்தப் பட்டனை விட்டுவிடு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பெண்களில் பலர் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவார்கள். ஆண்களில் பலருக்கு ஒன்று, ஒன்றரை சுகமாக இருக்கும். மாதா கோயிலிலோ அம்மன் திருவிழாவிலோ ஒரு பாட்டி உன்னைக் கேட்காமலே தொடங்கிவிடுவார். அது இரண்டரைக் கட்டையாக, அதாவது இ ஃபிளாட்டாக இருக்கலாம். நீ பட்டனைத் தேடிக் கணக்குப் போடுவதற்குள் பல்லவி முடிந்துவிடும். நாளை ஒரு பியானோ முன் உட்கார்ந்தால் அதில் அந்தப் பட்டனே இருக்காது. பாடுகிறவரின் குரலுக்குத்தான் வாத்தியம் இணங்க வேண்டும்.

முதலில் இன்வெர்ஷன், அதாவது ஒரே கார்டின் சுரங்களை வேறு வரிசையில் பிடிப்பது. சி, இ, ஜி என்று சி கார்டைப் பிடி. எஃப் கார்டுக்குக் கையைத் தூக்கிக்கொண்டு ஓடாதே. கட்டைவிரல் சி-யிலேயே இருக்க, இ எஃப்-புக்கும் ஜி ஏ-வுக்கும் நகர்ந்தால் போதும். அது எஃப்-பின் இரண்டாம் இன்வெர்ஷன். அங்கிருந்து பி, டி, ஜி: அது ஜி-யின் முதல் இன்வெர்ஷன். பிறகு மறுபடி சி. கை இடம் மாறவில்லை. பாட்டுக்குப் பின்னால் இசை துண்டுபடாமல் ஓடுகிறது. வலக்கைக்கு முதல் இன்வெர்ஷனில் 1-2-5 விரல்கள், மற்ற இரண்டு நிலைகளிலும் 1-3-5. கறுப்புக் கட்டைகள் மட்டுமே உள்ள எஃப் ஷார்ப் கார்டுக்குக் கையைச் சற்று உள்ளே தள்ளி வை.

12 ஸ்ருதி, மேஜரும் மைனரும், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை: மொத்தம் 72 பிடிகள். மலைக்காதே. பழவேற்காடு ஏரியில் மீனவர்களின் 'பாடு' முறைப்படி மீன் விழும் இடமும் விழாத இடமும் ஆள் மாற்றி ஆள் சுற்றி வருகிறதே, அப்படி உன் பயிற்சிக்கும் முறை வை. வாரம் ஒரு ஸ்ருதி: சி, எஃப், பி ஃபிளாட், இ ஃபிளாட் என்று நான்காம் சுரமாகத் தாவிப் போ. மெட்ரோனோமை 60-இல் வைத்து, சுரத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லி வாசி. எஃப் ஷார்ப்பின் வாரத்தில் சி-க்கு ஓடிப்போகாதே.

இது பழைய வழிதான். 1722-இல் இசையமைப்பாளர் பாக் 12 மேஜருக்கும் 12 மைனருக்கும் தனித்தனியாக எழுதித் தொகுத்த 'வெல் டெம்பர்டு கிளேவியர்' இசை கற்கும் இளையவர்களை மனத்தில் வைத்துச் செய்தது. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்ற இளையராஜா, 1986-இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் அதே பாக்கை நினைத்து ஒரு இசைக்கோவை அமைத்தார். ஏ.ஆர்.ரஹ்மானும் இசையமைப்பாளர் ஆவதற்கு முன் பிறருடைய குழுக்களில் கீபோர்டு வாசித்தவர். அந்த வேலையில் ஸ்ருதியைத் தேர்ந்தெடுக்கும் வசதி வாசிப்பவருக்குக் கிடையாது.

மூன்று மாதம் அந்தப் பட்டனைத் தொடாதே. அதன் பிறகு பாட்டி எந்தக் கட்டையில் தொடங்கினாலும் உன் கை உடனே சேர்ந்துகொள்ளும். சி உனக்குப் பழகியதுதான்; இன்று மாலையே எஃப்-இல் தொடங்கு.

அன்புடன்,
உன் அண்ணன்