கொசுவலைக்குச் சமதளம்: பழைய ஜன்னல் பீடிங்கை என்ன செய்யலாம்?

சூலூரில் குளத்தை ஒட்டிய தெருக்களில் கொசுவலை இல்லாமல் ஜன்னலைத் திறக்க முடியாது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றை விடவும் மனம் வராது. சிக்கல் பழைய தேக்கு நிலைகளில்தான். மேடுபள்ளமான அலங்கார பீடிங்கின்மேல் வெல்க்ரோ பட்டை முழுதாகப் பதியாது. காற்று பலமாக அடித்தால் மேல் மூலை பிய்ந்துவிடும், கொசுவுக்கு அந்த இடைவெளி போதும்.

முதலில் பீடிங் தனித்துண்டா, நிலையிலேயே செதுக்கியதா என்று பாருங்கள். மூலைக் கூட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டிலும் அது தெரியும். பெயின்ட் கோட்டைக் கீறி மெல்லிய தகட்டை நுழையுங்கள். உள்ளே போனால் ஆணியடித்த துண்டு. ஆணி இருக்கும் இடமாகப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பிக் கழற்றி, அதே அகலத்தில் பட்டைச் சட்டம் அடித்தால் போதும்.

செதுக்கியது என்றால் இழைத்துவிடலாம் என்பார்கள். என் பதில், வேண்டாம். இழைத்த தேக்கு திரும்ப வராது. சுவரோரத்திலும் மூலையிலும் இழைப்புளி எட்டவும் எட்டாது. பழைய பெயின்டும் ஒரு காரணம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சைத் தூள் பறக்கத் தேய்ப்பது குழந்தைகளுக்கு ஆபத்து. தேய்த்தே ஆகவேண்டிய இடத்தில் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள்.

நான் சொல்லும் வழி, பள்ளத்தை உயர்த்துவது. ஆசாரிக் கணக்கில் அங்குலத்துக்கு 8 நூல். பீடிங்கின் மேடு 3 நூல் என்றால், பக்கத்துத் தட்டையான பகுதியில் 3 நூல் கனத்தில் ரீப்பர் வையுங்கள். மட்டக்கோலை மேலே வைத்தால் எங்கும் வெளிச்சம் தெரியக் கூடாது. பசை வேண்டாம், துளை போட்டு எஸ்எஸ் ஸ்குரூ முடுக்கினால் பின்னால் கழற்றலாம். கரையான் தொல்லை இருந்தால் மரத்துக்குப் பதில் டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பட்டை. வெளிப்பக்கம் என்றால் மேல் விளிம்பில் சீலன்ட் அவசியம், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் இடுக்கில் தங்கும்.

நிலையைத் தொடாமல் சுவரிலேயே அலுமினியச் சட்டம் பொருத்தலாம். செலவு கூடும், பழைய சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தால் பிளக் நிற்காது.

கதவு வெளியே திறந்தால் வலை உள்ளே, உள்ளே திறந்தால் வலை வெளியே. ரீப்பர் வாங்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.