அஃபிடவிட்டில் கையெழுத்துப் போடும் முன்

கோர்ட் வாசலில் டைப் அடித்துத் தரும் அஃபிடவிட்டை (பிரமாணப் பத்திரம்) வரி விடாமல் படியுங்கள். வேறு யாருக்கோ அடித்த பழைய மாதிரியில் அப்பா பெயரும் கதவு எண்ணும் அப்படியே கிடப்பது உண்டு. அதில் எழுதியிருப்பது எல்லாம் நீங்கள் சத்தியம் செய்து சொல்வது. தெரிந்தே பொய் சொன்னால் பாரதிய நியாய சன்ஹிதா 229-வது பிரிவின் கீழ், நீதிமன்ற நடவடிக்கை என்றால் 7 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். நேரில் அறிந்ததை மட்டும் நேரில் அறிந்ததாக எழுதுங்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே குறிப்பிடுங்கள்.

ஆதாரில் 'கே. செல்வி', மார்க் ஷீட்டில் 'செல்வி குமார்' என்று இருந்தால், இரண்டையும் எழுத்து மாறாமல் எழுதி, 'இருவரும் ஒருவரே' என்று சேர்க்க வேண்டும்.

வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு யாரிடமாவது கொடுத்தனுப்பாதீர்கள். அசல் அடையாள அட்டையுடன் போய், நோட்டரி முன்னால் போடுங்கள். முத்திரையில் அவர் பெயரும் பதிவு எண்ணும் தெளிவாகத் தெரிகிறதா, அவர் பதிவேட்டில் குறித்துக்கொண்டாரா என்று பாருங்கள். திருத்தம் இருந்தால் பக்கத்திலேயே நீங்களும் நோட்டரியும் சுருக்கொப்பம் இட வேண்டும்.

மிக முக்கியமானது இது: நோட்டரி முத்திரை பத்திரப் பதிவு ஆகாது. 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள மனையை விற்கும் கிரயப் பத்திரத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். 'நோட்டரி போட்டுத் தருகிறோம், அதுவே போதும்' என்று யார் சொன்னாலும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.