பட்டாளத்துக் கார்டு இருந்தால் ஈஎஸ்ஐ வேண்டாமா?

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இஎம்இ பிரிவில் வண்டி மெக்கானிக்காக 17 வருசம் இருந்து, ஹவில்தாராக வெளியே வந்தவர். இப்போது வயது 44. அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில், ஏஜென்சி மூலமாக நைட் செக்யூரிட்டி வேலை. சம்பளம் 14,000. போன மாசம் நடுராத்திரி நெஞ்சுவலி வந்து, பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அது முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈசிஎச்எஸ் பட்டியலில் இல்லையாம். 1,60,000 ரூபாய் கட்டினோம். ஒரு மாசமாக வேலைக்குப் போகவில்லை, சம்பளமும் இல்லை. ஏஜென்சியில் கேட்டால், "உங்களுக்குத்தான் பட்டாளத்துக் கார்டு இருக்குதே, ஈஎஸ்ஐ எதுக்குங்க?" என்கிறார்கள். இனி நைட் டூட்டி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். 18 வயதுப் பையன் வேறு அக்னிவீர் போகிறேன் என்று நிற்கிறான். என்ன செய்வது?
- ஒரு வாசகி, அவிநாசி

பதில்: அம்மா, முதலில் அந்த ஆஸ்பத்திரிப் பணம். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்பதாலேயே அது போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் எந்த ஆஸ்பத்திரியில் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதுதான் ஈசிஎச்எஸ் விதி. சேர்த்த 48 மணி நேரத்துக்குள் ஈசிஎச்எஸ் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டிருந்தால், தாமதத்துக்கான காரணத்தை உள்ளது உள்ளபடி எழுதி, பணத்தைத் திரும்பக் கேட்கும் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள். அவசர நிலையில் வந்து சேர்ந்தார் என்று ஆஸ்பத்திரி தரும் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, இனம்வாரியான பில், கார்டு நகல் ஆகியவை வேண்டும். பணம் வந்தாலும் மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டமான சிஜிஎச்எஸின் கட்டணப் பட்டியல்படிதான் வரும், முழுசாக வராது. மறுத்துவிட்டால் மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்ற ஒரே காரணத்துக்காக மருத்துவச் செலவை மறுக்கக் கூடாது என்று 2018-ல் சிவகாந்த் ஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது சிஜிஎச்எஸ் பயனாளி ஒருவரின் வழக்கு. ஆனாலும் உங்கள் மேல்முறையீட்டில் எடுத்துக்காட்டலாம்.

இனி ஏஜென்சிக்காரர் சொன்ன அந்த வார்த்தை. திருப்பூரில் இதைச் சொல்லியே பல முன்னாள் படைவீரர்களின் ஈஎஸ்ஐயை அமுக்கிவிடுகிறார்கள். முன்னாள் பட்டாளத்துக்காரருக்கு ஈஎஸ்ஐயில் விலக்கு எதுவும் கிடையாது. சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் பதிவு கட்டாயம். பென்ஷனை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, கம்பெனி தரும் கூலி மட்டும்தான் கணக்கு. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். உங்கள் வீட்டுக்காரரின் 14,000-க்கு முதலாளி கட்ட வேண்டியது மாசம் 455 ரூபாய். இந்த 455-ஐ மிச்சம் பிடிக்கத்தான் இத்தனை நியாயம் பேசுகிறார்கள்.

இரண்டு கார்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. 2003 ஏப்ரலில் வந்த ஈசிஎச்எஸ் மருத்துவத்தைப் பார்த்துக்கொள்ளும், வேலைக்குப் போகாத நாளின் கூலியைத் தராது. ஈஎஸ்ஐ தரும். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டப்பட்டிருந்தால், நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, ஆண்டுக்கு 91 நாள் வரை, சராசரிக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். உங்கள் வீட்டில் இந்த ஒரு மாசம் வராமல் போன பணம் அதுதான். சிகிச்சைச் செலவை மட்டும் இரண்டு இடத்திலும் கேட்கக் கூடாது. அது மோசடியாகிவிடும்.

திருப்பூர் ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். ஏஜென்சி கட்டவில்லை என்றால், வேலை வாங்கிய பனியன் கம்பெனிக்கே பொறுப்பு வரும். ஏற்றுமதிக் கம்பெனி என்றால் வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவார். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்கு ஈஎஸ்ஐ உண்டா என்று அவர் கேட்கக் கூடும் என்ற பயம் கம்பெனிக்கு இருக்கும். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, பேங்கில் சம்பளம் ஏறிய பதிவு எல்லாவற்றையும் இப்போதே நகல் எடுத்துவையுங்கள்.

வேலைக்கு வருகிறேன். 17 வருசம் ராணுவ வண்டிகளைப் பிரித்துப் பூட்டிய மனிதர் திருப்பூரில் எதற்காக நைட் வாட்ச்மேனாக இருக்க வேண்டும்? எக்ஸ்-சர்வீஸ்மேன் என்றதும் கேட்டில் சல்யூட் அடிக்க ஆள் கிடைத்துவிட்டது என்று நினைப்பது முதலாளிகளின் சோம்பேறித்தனம். நம் ஆட்களும் டிஸ்சார்ஜ் புக்கை பீரோவில் பூட்டிவைத்துவிட்டு, பென்ஷன் புக்கை மட்டும் வெளியே எடுக்கிறார்கள். என்ன டிரேடு, எந்த வகுப்பு, என்னென்ன கோர்ஸ் என்று அந்த டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கிறது. அதை ஒரு பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, மெயின்டனன்ஸ் மேனேஜரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். எச்ஆரிடம் கொடுத்தால் மறுபடி கேட்டுக்குத்தான் அனுப்புவார்கள். ஜெனரேட்டர், கம்ப்ரஸர், கம்பெனி வண்டிகள் என்று மெக்கானிக்குக்கு இங்கே பகல் வேலை உண்டு. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவை மறுபடி ஓடுகின்றன. அங்கே பம்பு, ஆர்ஓ, ஆவியாக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் கவனிக்க ஒழுங்கான ஆள் வேண்டும். பாய்லர் பக்கம் மட்டும் அதற்கான சான்று இல்லாமல் போக வேண்டாம்.

அரசு வேலைக் கதவும் மூடவில்லை. மத்திய அரசின் குரூப் சி பதவிகளில் 10 சதவீதமும், பொதுத்துறை நிறுவனங்கள், வங்கிகளின் அந்த நிலைப் பதவிகளில் 14.5 சதவீதமும் முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு. வயதுக்கணக்கு இப்படி: 44-ல் 17-ஐக் கழித்தால் 27. இது பதவிக்கான உச்சவரம்பை மூன்று ஆண்டுக்கு மேல் தாண்டாமல் இருந்தால் போதும். 15 ஆண்டுக்கு மேல் சேவை இருப்பதால், பத்தாம் வகுப்பு முடித்திருந்தால், தொழில்நுட்ப அனுபவம் கேட்காத, டிகிரி கேட்கும் குரூப் சி பதவிகளுக்கும் அவர் விண்ணப்பிக்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

சொந்தமாக ஒர்க்‌ஷாப் போடும் எண்ணம் இருந்தால், 2024 சுதந்திர தினத்தில் தமிழக அரசு அறிவித்த ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தைப் பற்றி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். 1 கோடி வரை கடன், அதில் 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம் என்பது அறிவிப்பு. நெஞ்சுவலி வந்த வருசத்திலேயே பெரிய கடன் வாங்கித் தலையில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் எண்ணம்.

பையன் விசயம். அக்னிவீர் நான்கு வருசம். நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரமாவார்கள். மற்றவர்கள் சேவா நிதி என்ற பெயரில் சுமார் 11.71 லட்சம் ரூபாய் மொத்தத் தொகையோடு திரும்பி வருவார்கள். பென்ஷன் கிடையாது, அப்பாவிடம் இருக்கும் ஈசிஎச்எஸ் கார்டும் கிடையாது. போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐடிஐ முடித்துவிட்டுப் போகட்டும். தேர்வில் அதற்குக் கூடுதல் மதிப்பெண்ணும் உண்டு, திரும்பி வந்தாலும் கையில் தொழில் இருக்கும்.

கடைசியாக, உங்கள் வட்டாரத்தில் இதே நிலையில் வேறு குடும்பங்களும் இருக்கும். தனித்தனியாக மனு கொடுத்தால் ஃபைலில் போய்ச் சேர்ந்துவிடும். எத்தனை குடும்பம், எந்தெந்த ஊர், பாலிகிளினிக்குக்கு எத்தனை கிலோமீட்டர், யாருக்கு எவ்வளவு பணம் நிற்கிறது என்று ஒரே தாளில் எழுதி, கலெக்டர் நடத்தும் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்தில் எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுங்கள். உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி ஈசிஎச்எஸ் பட்டியலில் சேர, அந்த ஆஸ்பத்திரியேதான் விண்ணப்பிக்க வேண்டும். பில் பணம் தாமதமாக வரும் என்று தயங்குவார்கள், அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது. ஆகவே அதே தாளின் நகலை ஆஸ்பத்திரி நிர்வாகியிடமும் கொடுத்து, இத்தனை குடும்பம் உங்களிடம்தான் வரும் என்று காட்டுங்கள்.