லைன் வீட்டில் கேஸ் சிலிண்டர்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என நீளும் தொழிற்சாலைப் பகுதியில் பெரும்பாலான வெளியூர்த் தொழிலாளர்களுக்கு வீடு என்பது ஒரே அறைதான். மேலே சிமென்ட் ஷீட், ஒரு கதவு, பல இடங்களில் ஜன்னலே கிடையாது. பாய், துணி, அடுப்பு, சிலிண்டர் எல்லாம் அதற்குள்தான். மூன்று ஷிப்ட் ஓடும் ஊர் என்பதால், ஒருவர் சமைக்கும்போது பக்கத்திலேயே இன்னொருவர் நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருப்பார்.

சமையல் எரிவாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் படியும். அறைக் காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். தரையில் பாய் விரித்துப் படுப்பவர் இருப்பது சரியாக அந்த இடத்தில்தான்.

2022 செப்டம்பர் 28 அன்று ஒரகடத்துக்கு அருகே தேவரியம்பாக்கத்தில் சிலிண்டர் கிடங்கு ஒன்று தீப்பிடித்தது. தீக்காயத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் பலர் அடுத்தடுத்த நாட்களில் இறந்துபோனார்கள். இந்த வட்டாரத்தில் கேஸ் அடுப்பு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கீழே உள்ளவற்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

வாங்கும்போது

செய்ய வேண்டியவை

- முகவரிச் சான்று இல்லையா? 5 கிலோ சிலிண்டரைக் கேளுங்கள். கேஸ் ஏஜென்சிகளிலும் பல பெட்ரோல் பங்குகளிலும் அடையாள அட்டை ஒன்றைக் காட்டினாலே கொடுப்பார்கள். உஜ்வாலா திட்டத்தில் இணைப்பு கேட்கும் புலம்பெயர்ந்த குடும்பங்கள், ரேஷன் கார்டுக்கும் முகவரிச் சான்றுக்கும் பதிலாக உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும்.
- எடை போட்டு வாங்குங்கள். வெற்று எடை சிலிண்டரின் மேலேயே எழுதியிருக்கும். 15.3 கிலோ என்று இருந்தால், 14.2 கிலோ கேஸோடு சேர்த்து 29.5 கிலோ இருக்க வேண்டும்.
- சோதனைத் தேதியைப் பாருங்கள். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறம் ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டும் இருக்கும். 'ஏ' என்றால் மார்ச் வரை, 'பி' ஜூன் வரை, 'சி' செப்டம்பர் வரை, 'டி' டிசம்பர் வரை. 'பி 27' என்றால் 2027 ஜூனுக்குள் அந்தச் சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டும். தேதி தாண்டியிருந்தால் திருப்பிக் கொடுங்கள்.
- சீல் உடையாமல் இருக்கிறதா, வாய்க்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று டெலிவரிக்கு வந்தவரையே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். அது அவருடைய வேலை.

செய்யக்கூடாதவை

- பெரிய சிலிண்டரிலிருந்து சின்னச் சிலிண்டருக்கு கேஸ் மாற்றித் தரும் கடைக்குப் போகவே போகாதீர்கள். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள். பெரியதைத் தலைகீழாகக் கவிழ்த்து, குழாய் மாட்டி, கண் மதிப்பில் நிரப்புகிறார்கள். சிலிண்டருக்குள் திரவத்துக்கு மேலே கொஞ்சம் காலி இடம் இருந்தே ஆக வேண்டும். வெயிலில் திரவம் விரிவடைவது அந்த இடத்துக்குள்தான். விளிம்பு வரை நிரப்பியதை மே மாதத்தில் சிமென்ட் ஷீட்டுக்குக் கீழே வைத்தால், விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறி வால்வு வழியே பீறிடும், அல்லது சிலிண்டரே வெடிக்கும். நிரப்பும்போதே கடையோடு எரிந்துபோகிற ஆபத்தும் உண்டு. இது சட்டப்படி குற்றம்.
- தலையிலேயே பர்னர் பொருத்திய, ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத மலிவுச் சிலிண்டரை வாங்காதீர்கள்.

அறைக்குள்

செய்ய வேண்டியவை

- சிலிண்டரை நிமிர்த்தி, சமதரையில், கதவுக்குப் பக்கத்தில் வையுங்கள். அடுப்பு சிலிண்டரைவிட உயரமான மேடையில் இருக்கட்டும்.
- ஐஎஸ்ஐ முத்திரையுள்ள டியூபை மட்டும் போடுங்கள். 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். விரிசல் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். நீளம் ஒன்றரை மீட்டருக்குள் இருக்கட்டும்.
- சமைத்து முடித்ததும் முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள், பிறகு அடுப்பை. ஷிப்டுக்குக் கிளம்பும்போதும் படுக்கப் போகும்போதும் ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.
- புதுச் சிலிண்டர் மாட்டியதும் சோப்புத் தண்ணீரை இணைப்பில் தடவுங்கள். நுரை ஊதிக்கொண்டு வந்தால் கசிகிறது என்று பொருள்.

செய்யக்கூடாதவை

- தீக்குச்சி காட்டிக் கசிவைத் தேடாதீர்கள்.
- கட்டிலுக்கு அடியிலோ மூடிய அலமாரியிலோ சிலிண்டரை வைக்காதீர்கள்.
- தீரப்போகிற சிலிண்டரைப் படுக்க வைத்தோ வெந்நீரில் நிற்க வைத்தோ கடைசி கேஸை எடுக்கப் பார்க்காதீர்கள்.
- அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படுக்காதீர்கள். பொங்கித் தீ அணைந்தாலும் கேஸ் வந்துகொண்டேதான் இருக்கும்.

கேஸ் கீசர்

செய்ய வேண்டியவை: கீசரையும் சிலிண்டரையும் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் பொருத்தி, வெந்நீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொண்டுவாருங்கள்.

செய்யக்கூடாதவை: மூடிய குளியலறைக்குள் கேஸ் கீசரை எரிக்காதீர்கள். எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை இல்லை. குளித்துக்கொண்டிருப்பவர் மயங்கி விழுவதற்குள் கதவைத் திறக்கக்கூட நேரம் கிடைக்காது.

டீக்கடை, மெஸ், பட்டறை

செய்ய வேண்டியவை

- கடைக்கு 19 கிலோ வணிகச் சிலிண்டரையே வாங்குங்கள்.
- கணக்கு வையுங்கள். 100 கிலோவுக்கு மேல் எரிவாயு சேமிக்க உரிமம் வேண்டும். 19 கிலோ சிலிண்டர் ஐந்து என்றால் 95 கிலோ; ஆறாவது வந்தால் வரம்பு தாண்டிவிடும்.
- வெட்டு வேலை செய்யும் பட்டறைகளில் ஆக்சிஜன் சிலிண்டரையும் எரிவாயு சிலிண்டரையும் தனித்தனியே, சங்கிலி போட்டு நிறுத்துங்கள்.

செய்யக்கூடாதவை

- வீட்டுச் சிலிண்டரைக் கடையில் எரிக்காதீர்கள்.
- எண்ணெய், கிரீஸ் பட்ட கையோடு ஆக்சிஜன் வால்வைத் தொடாதீர்கள்.

வண்டியும் பயணமும்

செய்ய வேண்டியவை

- ஆட்டோ, கார்களுக்கு அங்கீகாரம் பெற்ற கிட் பொருத்தி, ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்யுங்கள். வாகன எல்பிஜி டேங்கில் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக்கூடாது.
- சிஎன்ஜி சிலிண்டரை 3 ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்கு அனுப்புங்கள். சுமார் 200 பார் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய கலன் அது. நிரப்பும்போது எல்லோரும் வண்டியை விட்டு இறங்குங்கள்.
- கம்பெனியில் கேஸ் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்கள் ஷிப்ட் முடிந்து நிறுத்தும்போது சிலிண்டர் வால்வை மூடுங்கள்.

செய்யக்கூடாதவை

- வீட்டுச் சிலிண்டரிலிருந்து வண்டிக்கு கேஸ் ஏற்றாதீர்கள்.
- ஊருக்குப் போகும்போது சிலிண்டரை ரயிலில் கொண்டுபோகாதீர்கள். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், ரகசியமாகக் கொண்டுவந்த சிலிண்டரால் பிடித்த தீயில் 9 பேர் இறந்தார்கள்.

கசிந்தால், பற்றினால்

செய்ய வேண்டியவை

- வாசனை வந்தால் தீயை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறங்கள். தூங்குபவரை எழுப்பி வெளியே அனுப்புங்கள். பக்கத்து அறைகளுக்கும் குரல் கொடுங்கள்.
- வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் கசிவு உதவி எண் அது. தீ என்றால் 101, காயம் என்றால் 108.
- தீக்காயத்தின் மேல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும்.

செய்யக்கூடாதவை

- எந்த சுவிட்சையும் போடாதீர்கள், அணைக்கவும் செய்யாதீர்கள். இரண்டிலும் பொறி வரும். ஃபேன் போட்டு வாசனையைப் போக்க நினைப்பது பெரிய ஆபத்து.
- காயத்தில் தோசை மாவு, இங்க், பற்பசை தடவாதீர்கள்.

வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு அறைக்கு ஐந்து பேரிடம் வாடகை வாங்குகிறீர்கள். கதவுக்கு அடியில் காற்று போக ஒரு வழியும், சுவரில் ஒரு ஜன்னலும், வெளியே கூரை போட்ட ஒரு பொதுச் சமையலிடமும் அமைத்துக் கொடுங்கள். இந்தப் பட்டியலை இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி வாசலில் ஒட்டுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத ஒரே காரணத்துக்காக யாரும் சாகக்கூடாது.